முப்பது நொடியில் ஒரு முகம்

1988-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஏழு வாரங்களே எஞ்சியிருந்த வேளையில், அந்நாட்டுக் கேபிள் தொலைக்காட்சியில் முப்பது நொடி விளம்பரம் ஒன்று தோன்றத் தொடங்கியது. முதலில் வேட்பாளர் இருவரின் படங்கள் வந்தன. குடியரசுக் கட்சியின் மூத்த ஜார்ஜ் புஷ், கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை வேண்டும் என்பவர் என்றது பின்னணிக் குரல். ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸோ அதை எதிர்ப்பவர் மட்டுமல்லர், கொலையாளிகளை வார இறுதி விடுப்பில் வெளியே அனுப்பியவரும் ஆவார் என்றது. அடுத்து, சிறைக் கோப்பிலிருந்து எடுத்த பாணியில், தாடியும் அடர்ந்த முடியுமாய் ஒரு கறுப்பினத்தவரின் முகம் திரையை நிறைத்தது. பெயர் வில்லி ஹார்ட்டன். கடத்தல், கத்திக்குத்து, வன்புணர்ச்சி என்று எழுத்துகள் அதைத் தொடர்ந்து வந்தன. இனத்தைப் பற்றி அவ்விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

சொல் இல்லாமலே அது சொன்னது என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

முதலில் நடந்தவற்றை நேர்மையாகக் கூறிவிடுதல் வேண்டும். டுகாகிஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநர்; கிரேக்க இனத்தவரான, அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன். கைதிகளுக்குக் குறுகிய கால விடுப்பு அளிக்கும் திட்டம் அவர் உண்டாக்கியதன்று. நம் நாட்டில் மக்கள் பரோல் என்று சொல்கிறார்களே, ஏறத்தாழ அதைப் போன்றது அது. 1972-இல், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஃபிரான்சிஸ் சார்ஜண்ட் காலத்தில் அது தொடங்கப்பட்டது. முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கும் அது பொருந்தும் என்று மாநில உயர் நீதிமன்றம் மறு ஆண்டே தீர்ப்பளித்தது. அவர்களை விலக்கச் சட்டமன்றம் 1976-இல் நிறைவேற்றிய மசோதாவை டுகாகிஸ் ஏற்க மறுத்தார். எரிபொருள் நிலையத்தில் வேலை பார்த்த பதினேழு வயதுச் சிறுவனைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த ஹார்ட்டன், 1986 ஜூனில் விடுப்பில் சென்று திரும்பவில்லை. 1987 ஏப்ரலில் மேரிலண்டு மாநிலத்தில் ஒரு வீட்டில் புகுந்து, அங்கிருந்த ஆணைக் கட்டிவைத்துக் கொடுமைப்படுத்தி, அவர் மணக்கவிருந்த பெண்ணை வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கினார். இவற்றுள் எதுவும் கற்பனையன்று. லாரன்ஸ் நகரின் 'ஈகிள் டிரிபியூன்' நாளிதழ் இத்திட்டத்தின் குறைகளை அயராமல் எழுதி 1988-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அவ்விதழ் தன் கடமையைச் செய்தது என்றே நாம் கருதுகிறோம். தவறான ஓர் ஏற்பாட்டைத் தவறு என்று சுட்டுவது இனவெறி ஆகாது. அந்த ஏப்ரலில், டுகாகிஸின் உட்கட்சிப் போட்டியாளரான ஆல் கோர், விவாத மேடையில் இதே திட்டத்தைப் பற்றிக் கேட்டார். ஹார்ட்டனின் பெயரையோ நிறத்தையோ அவர் தொடவில்லை.

அப்படியானால் அந்த முகம் எதற்காக?

இதற்கு விடை காண இருபத்தைந்து ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். 1964-இல் குடியுரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறிய பின், கறுப்பின மக்களை மேடையில் வெளிப்படையாக இழித்துப் பேசுவது மதிப்பிழந்தது. பேச்சு நின்றது, நெஞ்சில் இருந்தது நின்றுவிட்டதா? 1982-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மேயர் டாம் பிராட்லி கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, கருத்துக் கணிப்புகள் அவர் வெல்வார் என்றன. வாக்குகளை எண்ணியபோது ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளில் அக்கறுப்பினத் தலைவர் தோற்றிருந்தார். அஞ்சல் வாக்குகளும் வேறு காரணங்களும் அதில் உண்டு என்பர் அறிஞர். எனினும் கேட்டவரிடம் ஒன்று சொல்லி, வாக்குச் சீட்டில் வேறொன்று செய்தவர்களும் இருந்திருப்பர் என்ற ஐயம் அன்று பிறந்து இன்றுவரை பேசப்படுகிறது.

அந்த இடைவெளியை நன்கு அறிந்திருந்தவர் லீ ஆட்வாட்டர். தென் கரோலினாவில் அரசியல் பயின்ற இவரே 1988-இல் புஷ்ஷின் தேர்தல் பணித் தலைவர். வெளிப்படையான இழிசொல் செல்லாத காலத்தில், வரிக் குறைப்பு போன்ற பொதுவான பேச்சுகளே அதன் வேலையைச் செய்யும் என்று 1981-இல் ஓர் அரசியல் ஆய்வாளரிடம் இவர் விளக்கியிருந்தார். முப்பது நொடி விளம்பரத்தைத் தயாரித்தது தனியானதொரு குழு. தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றனர் புஷ் தரப்பினர். ஆனால் ஹார்ட்டனின் பெயரை ஜூன் மாதம் முதலே மேடைதோறும் சொல்லி வந்தவர் புஷ்தான். அப்பெயரிலும் ஒரு செய்தி உண்டு. அக்கைதியின் பெயர் வில்லியம். தம்மை எவரும் வில்லி என்று அழைத்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறினார். கொடியவன் ஒருவனுக்காக நாம் வாதாடவில்லை. அவனுக்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்தது என்பதைக் குறித்துவைக்கிறோம், அவ்வளவே.

புஷ் தரப்பினர் அக்டோபரில் வெளியிட்ட சுழல்வாயில் விளம்பரம் இன்னும் நுட்பமானது. சிறை உடையில் ஆடவர் வரிசையாகச் சுழலும் வாயிலுக்குள் போய் வெளியே வருகின்றனர். முதல்நிலைக் கொலையாளிகளுக்கு விடுப்பு அளிக்கப்பட்டதென்றும், வெளியே சென்றவர் பலர் கடத்தலும் வன்புணர்ச்சியும் செய்தனர் என்றும் குரல் கூறும் வேளையில், 268 பேர் தப்பினர் என்ற எழுத்து திரையில் மின்னுகிறது. கேத்லீன் ஹால் ஜேமிசன் என்னும் பேராசிரியை பின்னர் இக்கணக்கை ஆராய்ந்தார். அந்த 268 பேருள் முதல்நிலைக் கொலையாளிகள் நால்வரே. அந்நால்வருள் கடத்தலும் வன்புணர்ச்சியும் செய்தவர் ஒருவரே. எண்ணும் உண்மை, எழுத்தும் உண்மை. அவை அருகருகே வைக்கப்பட்ட விதத்தில் பொய் பிறந்தது. வாக்காளருடன் உரையாடியபோது ஜேமிசன் கண்டது இதைவிட வியப்பானது. சுழல்வாயில் விளம்பரத்தில் ஹார்ட்டனின் பெயரோ படமோ இல்லை. ஆனால் அதைப் பற்றிச் சொல்லச் சொன்னால், மக்கள் ஹார்ட்டனின் கதையையும் சேர்த்தே சொன்னார்கள். முதல் விளம்பரமும் செய்தி அறிக்கைகளும் இதுவும் அவர்கள் நினைவில் ஒரே கதையாய் ஒட்டிக்கொண்டிருந்தன.

செய்தி நிறுவனங்களின் பங்கும் சிறிதன்று. கேபிளில் சில வாரங்களே ஓடிய விளம்பரத்தைப் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் செய்தியாக எடுத்துக்கொண்டன. அது நேர்மையானதா என்று விவாதித்தன. விவாதிக்குந்தோறும் அம்முகத்தை மீண்டும் காட்டின. காசு கொடுத்து வாங்க முடியாத அளவுக்கு அவ்விளம்பரம் நாடு முழுதும் இலவசமாகப் பரவிற்று. கண்டிக்க எண்ணியவர்களே விநியோகித்தவர்களும் ஆயினர்.

அக்டோபர் பிற்பகுதியில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன், இது இனவெறி என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். டுகாகிஸின் துணை வேட்பாளர் லாயிட் பென்ட்சனும் அதில் இனக் கூறு உண்டு என்று ஒப்பினார். 2001-இல் நூலொன்று வெளியிட்ட டாலி மெண்டல்பர்க் என்னும் அரசியல் அறிஞர், அத்தேர்தலின்போது மக்களிடம் எடுத்த பேட்டிகளை நாள்வாரியாக வைத்து ஆராய்ந்தார். விளம்பரம் பேசாமல் பேசிய நாள்களில், கறுப்பினத்தவர்மீது மனக்கசப்பு கொண்ட வெள்ளையரிடம் அக்கசப்பு புஷ்ஷுக்கு ஆதரவாகத் திரும்பியது. ஜாக்சன் அதற்குப் பெயர் சூட்டிய பின் அவ்வேகம் தணிந்தது. தாம் இன உணர்வால் வாக்களிக்கிறோம் என்று தமக்குத் தாமே ஒப்புக்கொள்ள எவரும் விரும்பவில்லை போலும். இங்கே கத்தோலிக்க வாசகர்க்கு 1960-ஆம் ஆண்டு நினைவுக்கு வரலாம். ஜான் கென்னடியின் சமயத்தைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தபோது, அவர் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நேரில் நின்று அதைப் பற்றியே பேசினார். டுகாகிஸோ நெடுநாள் வாளாவிருந்தார். விடை கூற முற்பட்டபோது காலம் கடந்திருந்தது.

விளம்பரம் ஒன்றே அவரைத் தோற்கடித்தது என்பது மிகையே. ஜூலையில் கருத்துக் கணிப்பில் 17 புள்ளிகள் முந்தியிருந்த அவர், அம்முகம் திரைக்கு வருமுன்பே பின்தங்கிவிட்டார். பொருளாதார வளமும், ரீகனின் செல்வாக்கும், அவருடைய உணர்ச்சியற்ற பேச்சும் அதற்குக் காரணங்கள். நவம்பர் 8-ஆம் நாள் புஷ் நாற்பது மாநிலங்களை வென்றார். தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 426, டுகாகிஸுக்கு 111. மூளையில் கட்டியுற்று மரணப் படுக்கையில் இருந்த ஆட்வாட்டர், 1991-இல் 'லைஃப்' இதழில் டுகாகிஸிடம் மன்னிப்புக் கோரினார். ஹார்ட்டனை டுகாகிஸின் துணை வேட்பாளராக ஆக்கிக் காட்டுவேன் என்று தாம் சொன்னதற்கு வருந்தினார். தாம் இனவெறியர் அல்லர் என்றும் சேர்த்தே எழுதினார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், நாற்பது வயதில் இறந்தார்.

ஃபிராங்க்ளின் கில்லியம், ஷாந்தோ ஐயங்கார் ஆகிய இருவர் லாஸ் ஏஞ்சலஸ் மக்களிடம் நடத்திய சோதனை ஒன்று 2000-இல் வெளியாயிற்று. உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை அவர்கள் திரையிட்டனர். அதில் வந்த குற்றச் செய்தியில், சிலருக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பராகக் காட்டப்பட்டார். சிலருக்கு அதே முகம் கணினி மூலம் வெள்ளையாக்கிக் காட்டப்பட்டது. வேறு சிலருக்கு எவர் முகமும் காட்டப்படவில்லை. முகமே காணாத அந்த மூன்றாம் பிரிவினருள் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டோர், தாங்கள் ஒரு முகத்தைக் கண்டதாகப் பின்னர் கூறினர். அவ்வாறு கூறியவர்களுள் நூற்றுக்கு 70 பேர் நினைவில், அம்முகம் கறுப்பு முகமாக இருந்தது.