உட்கார ஒரு நாற்காலி: முந்நூறு ஆண்டுக் கதை

சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசு நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு அதோடு தறிச் சத்தமும் சேர்ந்தால்தான் ஊர். நெசவை நம்பிய தெருக்களில் இடுப்பில் கை வைத்து மெல்ல நடந்துபோகும் பெரியவர்களைப் பார்த்தால், "வயசாயிருச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வயது மட்டும்தான் காரணமா? செய்யும் வேலைக்கும் உடம்பு வலிக்கும் உள்ள தொடர்பை மனிதன் எப்போது கவனித்தான்? இந்தக் கட்டுரையில் அதைப் பார்ப்போம்.

முதலில் குழித்தறி. நெசவாளர் தரையில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். ஒரு கை நாடாவை ஓடவிடும். மறு கை ஊடையை அடித்து நெருக்கும். கண்கள் பாவை விட்டு விலகாது. கையும் காலும் ஓயாமல் ஆடும். முதுகு மட்டும் குனிந்தது குனிந்தபடியே இருக்கும்.

பிறகு விசைத்தறி. இங்கிலாந்தில் எட்மண்ட் கார்ட்ரைட் 1785-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நெய்யும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. மனிதனுக்கு என்ன மிச்சம்? தறிகளுக்கு நடுவே நின்று, தார் மாற்றி, அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவது. உட்கார்ந்தவர் எழுந்து நின்றார். வலி போகவில்லை, முதுகிலிருந்து காலுக்கு இறங்கியது, அவ்வளவுதான்!

இதை முதலில் விரிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய அவரது நூல் 1700-இல் வெளிவந்தது. 1713-இல் அதை விரிவாக்கினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். நாள் முழுவதும் நிற்பவர்களையும் கவனித்தார், உட்கார்ந்தே இருப்பவர்களையும் கவனித்தார். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றார்.

அதற்குச் சான்று கிடைக்க இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டனர். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே ஊர். ஆனால் இதயநோய் நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது. உடல் அசைவு உயிரையும் காக்கும் என்று உலகம் அப்போது புரிந்துகொண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். நின்றே வேலை செய்பவர்கள் இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலையாகக் கருதியது. நாலு தறி போட்ட கொட்டகைக்கு அந்தப் பிரிவு எட்டவில்லை. கடைகளுக்கோ வேறு சட்டம். அதில் அப்போது நாற்காலி பற்றிய பேச்சே இருக்கவில்லை.

அந்த நாற்காலிக்காகக் குரல் கொடுத்தவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்ற பெண்கள் உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஒரு நாற்காலி கேட்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். உட்காருவதும் கெடுதல் இல்லை, நிற்பதும் கெடுதல் இல்லை. உடம்பு கேட்கும்போது மாற்றிக்கொள்ள முடியாமல் இருப்பதுதான் கெடுதல். குழித்தறிக்காரர் எழ முடியவில்லை, துணிக்கடைப் பெண் உட்கார முடியவில்லை. இருவருக்கும் நோய் ஒன்றே. நிற்பவருக்கு நாற்காலியும், உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து நாலு எட்டு நடக்க நேரமும் கிடைத்தால் பாதி வலி குறையும்.

அடுத்த முறை புதுத்துணி எடுக்கப் போகும்போது, சேலை விரித்துக் காட்டும் அக்காவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் அதில் உட்கார முடிகிறதா என்றும் பாருங்கள்.