பர்மிங்ஹாமின் இரு தோலேடுகளும் அவற்றின் ஸனதும்



2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் நூலகத்திலுள்ள இரு திருக்குர்ஆன் தோலேடுகள், உலகில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை என்பதே அச்செய்தி. நம் ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தபோது இரண்டு செய்திகளாகப் பிளந்திருந்தது. ‘இது அபூபக்ர் (ரலி) அவர்களின் முஸ்ஹஃபே’ என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர். ‘இது நபி (ஸல்) அவர்களின் காலத்திற்கும் முற்பட்டது, ஆகவே குர்ஆன் முன்பே இருந்த நூல்’ என்று மற்றொரு சாரார் எழுதினர். ஹிஃப்ழு வகுப்புப் பிள்ளைகள் நம்மிடமே வந்து, “உஸ்தாத், எது உண்மை?” என்று கேட்டனர். அவ்வேடுகள் அந்நூலகத்திற்கு வந்த வழியை அறியாமல் அக்கேள்விக்கு விடை கூறுவது இயலாது.

ஈராக்கின் மோஸுல் நகரருகே பிறந்தவர் அல்ஃபோன்ஸ் மிங்கானா. கல்தேயக் கிறித்தவப் பாதிரியாராக இருந்தவர். பின்னர் இங்கிலாந்தில் குடியேறினார். சாக்லேட் தொழிலால் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் கேட்பரி பொருளுதவி செய்ய, 1920களில் மத்தியக் கிழக்கு நாடுகளில் பயணம் செய்து சுவடிகளைத் திரட்டினார். இன்று அவர் பெயரால் வழங்கும் தொகுப்பில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட சுவடிகள் உள்ளன. அவற்றுள் 1572 என்னும் ஒரே எண்ணின் கீழ் ஒன்பது குர்ஆன் ஏடுகள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. எழுத்து ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தமையால் அவை ஒரே முஸ்ஹஃபின் பகுதிகளாகவே பல்லாண்டுகள் கருதப்பட்டு வந்தன.

நூலகம் அவற்றை ஒளித்து வைக்கவில்லை. எண் இருந்தது, அட்டவணை இருந்தது, கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்க ஆளும் இருந்தார். ஆனால் அட்டவணை என்பது அதை எழுதியவர் கண்ட அளவையே நமக்குக் காட்டும். ஆல்பா ஃபெதெலி என்னும் இத்தாலிய ஆய்வாளர், தம் முனைவர் பட்டத்திற்காக அவ்வேடுகளை வரிவரியாகப் படித்தபோதுதான், ஒன்பதில் இரண்டு வேறொரு முஸ்ஹஃபைச் சேர்ந்தவை என்பது தெளிந்தது. அதன் பின்னரே அவை 1572அ எனத் தனி அடையாளம் பெற்றன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆய்வகத்திற்கும் சென்றன.

அட்டவணை என்னும் கலை நம் முன்னோருக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 377இல் பக்தாதில் இப்னுன் நதீம் (ரஹ்) தம் காலத்து அரபு நூல்களையெல்லாம் வகைப்படுத்தி ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பெருநூலை இயற்றினார். இன்று பிரிட்டன் நூலகங்களிலுள்ள இஸ்லாமிய உலகச் சுவடிகளின் பொது அட்டவணைக்கும் ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்றே பெயர் சூட்டியுள்ளனர்.

இனி ஆய்வகத்தின் முடிவுக்கு வருவோம். ஏடுகளின் தோல் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது. இக்கணிப்பின் உறுதி 95.4 விழுக்காடு. கரிமக் கணிப்பு எதை அளக்கிறது என்பதை இங்கே நின்று கவனிக்க வேண்டும். உயிருள்ள ஆடோ கன்றோ உணவின் வழியே கரிமத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும். இறந்த கணமே அது நின்றுவிடும். அந்தக் கணம் எப்போது என்பதையே இக்கணிப்பு கூறும். மை எப்போது தொட்டு எழுதப்பட்டது என்பதை அது கூறாது. பதப்படுத்திய தோல் சில காலம் எழுதப்படாமல் கிடந்திருக்கவும் கூடும். எழுத்தமைப்பைக் கொண்டு, ஏடுகள் சற்றுப் பிந்தியவை எனக் கருதும் அறிஞர்களும் உளர்.

நபி (ஸல்) அவர்கள் மறைந்தது கி.பி. 632இல். உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாஃபத் தொடங்கியது 644இல். கணிப்பின் வரம்பு இவ்விரண்டையும் தழுவி நிற்கிறது. ஆகவே ‘முற்பட்டது’ என்போர் வரம்பின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டனர். ‘அபூபக்ர் (ரலி) அவர்களுடையதே’ என்போரோ, ஏட்டில் இல்லாத ஒரு பெயரை ஏட்டின் மேல் எழுதினர். இரண்டாவது கூற்று நம் உள்ளத்திற்கு இனியது. ஆயினும் ஹதீஸ் கலையில் இனிமை ஓர் அறிவிப்பை ஸஹீஹ் ஆக்குவதில்லை என்பதை நாமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஸனது கேட்கிறோம், யார் யாரிடம் கேட்டார் என்று வினவுகிறோம். ஏட்டிற்கும் அதே வினா உண்டு: யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது?

அந்த வினாதான் நம்மைப் பாரிஸுக்கு அழைத்துச் செல்கிறது. பிரான்ஸின் தேசிய நூலகத்தில் ‘அரபு 328’ என்னும் எண்ணின் மூன்றாம் பகுதியாகப் பதினாறு தோலேடுகள் உள்ளன. அவையும் நம் இரு ஏடுகளும் ஒரே முஸ்ஹஃபிலிருந்து பிரிந்தவை என்று ஆய்வாளர் கண்டனர். பாரிஸ் ஏடுகளின் ஸனது ஓரளவு தெரிந்ததே. கெய்ரோவில் பிரெஞ்சுத் துணைத்தூதராக இருந்த அஸ்ஸெலின் தெ ஷெர்வில் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் திரட்டினார். அவருடைய தொகுப்பைப் பாரிஸ் நூலகம் 1833இல் பெற்றது. அவருக்கு அவை கிடைத்த இடம் ஃபுஸ்தாத்திலுள்ள அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசல். எகிப்தை வென்ற ஸஹாபி எழுப்பிய பள்ளி அது; ஆப்பிரிக்க மண்ணின் முதல் பள்ளிவாசல். ஏடுகளை யார் எழுதினார் என்பதற்கு அங்கே விடையில்லை. ஆயினும் அவை எந்தப் பள்ளியிலிருந்து புறப்பட்டன என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு.

பர்மிங்ஹாமின் முதல் ஏட்டில் அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 17 முதல் 31 வரையிலான வசனங்கள் உள்ளன. இரண்டாவதில் மர்யம் 91 தொடங்கி அதன் இறுதியான 98 வரை. பின்பு ஓர் அலங்காரக் கோடு. அதன்கீழ் தாஹா 1 முதல் 40 வரை. மர்யமுக்குப் பின் தாஹா, நம் கையிலுள்ள வரிசையே. உமர் (ரலி) அவர்கள் தம் சகோதரியின் இல்லத்தில் ஓர் ஏட்டில் கண்டு உருகியது இந்த தாஹாவின் தொடக்கத்தையே என்று ஸீரா நூல்கள் கூறும். அந்த ஏடும் இந்த ஏடும் ஒன்றல்ல. ஆயினும் இவ்வெழுத்தைப் படத்தில் காண்கையில் அந்நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. புள்ளிகள் மிகச் சில. ஹரக்கத்துகள் அறவே இல்லை. மனனம் செய்தவரே தடையின்றி ஓதத்தக்க எழுத்து அது.

இரு நூலகங்களும் இவ்வேடுகளின் படங்களை இணையத்தில் வைத்துள்ளன. சென்ற ரமளானுக்கு முன் அவற்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டினோம். பர்மிங்ஹாம் ஏடு தாஹா 40இல் முடிகிறது. பாரிஸ் ஏடுகளில் தாஹா 99இலிருந்தே காணப்படுகிறது. இடையிலுள்ள 41 முதல் 98 வரையிலான பகுதி இரு நகரங்களிலும் இல்லை. படத்தில் 40ஆம் வசனம் முடிந்த இடத்தில் விரல் வைத்து நிறுத்தினோம். வகுப்பில் மிகச் சிறியவன், ஏடு முடிந்ததைக் கவனியாமல், 41ஐ ஓதத் தொடங்கிவிட்டான்.