வளையத் தடிப்பும் 45ஆம் நாள் ஊசியும்

பச்சிளங்குழந்தையின் முகத்தில் சிவப்புத் தடிப்பு கண்டால் புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் செவ்வாப்பு என்பார்கள், கரப்பான் என்பார்கள். வளையமாகப் படர்ந்தால் படர்தாமரை என்று கடையில் களிம்பு வாங்குவார்கள். பெரும்பாலான தடிப்புகள் தாமே அடங்குபவை. பெயர் மாறினாலும் பெரிய கேடு வராது. ஒரு தடிப்பில் மட்டும் அப்படி விட்டுவிட முடியாது.

கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் சிவப்பு. நெற்றியிலும் தலையிலும் ஓரம் சிவந்து நடு வெளிறிய வளையங்கள். 1954இல் மக்குயிஸ்டியனும் ஷோக்கும் விவரித்த பச்சிளங்குழந்தை லூபஸ் இதுதான். குழந்தைக்கு நோய்க்காப்பாக ஐஜிஜி எதிர்ப்பொருள்களை நஞ்சுக்கொடி கடத்துகிறது. தாயின் ரத்தத்தில் ரோ, லா புரதங்களுக்கு எதிரானவை இருந்தால் அவையும் அதே வழியில் வந்துவிடுகின்றன. வெயில் பட்டால் தடிப்பு முற்றும். மஞ்சள் காமாலைக்கு நல்லதென்று இளவெயிலில் கிடத்தும் நம் வழக்கம் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது.

ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் தாயின் எதிர்ப்பொருள்கள் கரைந்ததும் தடிப்பு மறைகிறது. மறப்பதும் அப்போதுதான். இத்தகைய தாய்மாரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிரசவ காலத்தில் எந்த நோயும் தெரிவதில்லை. கண் உறுத்தலும் மூட்டு வலியும் இருந்தாலும் களை எடுத்த அலுப்பு என்றே கழிந்துவிடும். ஆனால் அதே எதிர்ப்பொருள் கருவின் இதய மின்கடத்தலைத் தாக்கினால் வரும் முழு இதய அடைப்பு மீளாதது. பிழைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பேஸ்மேக்கர் வேண்டும். ரோ எதிர்ப்பொருள் உள்ள கர்ப்பங்களில் இந்த அடைப்பு 100க்கு ஒன்றிரண்டுதான். முந்தைய குழந்தைக்குத் தடிப்பு வந்திருந்தாலோ 13 முதல் 18 வரை உயர்கிறது.

இந்தத் தடிப்பைத் தேடச் சொல்வது, அரிதான நோய்க்காகக் கிராம சுகாதார செவிலியருக்கு இன்னொரு சுமையா என்று கேட்கலாம். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தடிப்பு கண்டறியப்படும் சராசரி வயது ஆறு வாரம். 45ஆம் நாள் ஊசிக்குக் குழந்தை வரும் நேரமும் அதுவே. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு நிதியுதவி தடுப்பூசியோடு பிணைந்திருப்பதால் தாயும் தவறாமல் வருகிறார். தடுப்பூசி போடும் அந்தப் புதன்கிழமை முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சுத் துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினால் போதும். வளையத் தடிப்பு இருந்தாலோ துடிப்பு 100க்குக் கீழே இருந்தாலோ 2017இல் தொடங்கிய மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, குழந்தைக்கு ஈசிஜியும் தாய்க்கு எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்யவேண்டும்.

முடிவு தாயின் அட்டையிலும், கர்ப்பிணிகளைப் பதியும் அரசின் பிக்மி இணையப் பதிவிலும் ஏறவேண்டும். இதய அடைப்புள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார் அடுத்த கர்ப்பத்தின் பத்தாவது வாரத்துக்கு முன்பே ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைத் தொடங்கியபோது, 100க்கு 18 என்று எதிர்பார்க்கப்பட்ட அடைப்பு 7.4 ஆகக் குறைந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தடிப்பு மட்டும் வந்த குழந்தைகளின் தாய்மாருக்கும் அம்மருந்தை யோசிக்கலாம். 18ஆம் வாரத்திலிருந்து கருவின் இதயத்தை எக்கோவில் பார்ப்பதையோ தள்ளிப்போடக் கூடாது. இரண்டுக்கும், கர்ப்பத்தைப் பதியும் முதல் நாளே பழைய தடிப்பு செவிலியரின் கண்ணில் படவேண்டும்.