கரை ஒதுங்கிய கப்பல் யாருக்குச் சொந்தம்?



சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். "சார், புயலுக்குப் பயந்து வேறொரு நாட்டுக் கரையோரம் ரெண்டு நாள் நங்கூரம் போட்டு நின்னோம். யாரும் ஒண்ணும் சொல்லல" என்றான். உடனே எனக்கு மோட்டுப்பள்ளி ஞாபகம் வந்தது. வகுப்பில் காகதீயர்களை இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுவேன். அந்தக் கடனை இன்று கொஞ்சம் அடைக்கிறேன்.

மோட்டுப்பள்ளி ஆந்திரக் கடற்கரையில், சீராலா பக்கம் இருக்கிறது. இன்று சின்ன ஊர். அங்குள்ள வீரபத்திரர் கோயிலில் காகதீய மன்னர் கணபதி தேவர் 1244-45இல் வெட்டுவித்த சாசனம் உண்டு. அபய சாசனம் என்பார்கள்.

அது சொல்வது இதுதான். புயலில் சிக்கி உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களில் இருந்த பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் முன்பிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். நாம் அப்படிச் செய்யமாட்டோம். உயிரைப் பணயம் வைத்துக் கடலில் வருகிறவர்களிடம் குறித்த சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் 30இல் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், பன்னீர், தந்தம், முத்து, பவளம் என்று சரக்குகளின் பெயரையும் கல்லிலேயே எழுதிவிட்டார்கள். இடையில் நிற்கும் அதிகாரி இஷ்டத்துக்குக் கேட்க முடியாது அல்லவா!

கருணையாலும் புகழுக்காகவும் இதைச் செய்வதாக மன்னர் சொல்கிறார். கருணை இருந்திருக்கலாம். ஆனால் படைக்கு வேண்டிய குதிரை கடல்வழியாகத்தான் வந்தது; வணிகன் பயந்து வேறு துறைக்குப் போய்விட்டால் நஷ்டம் அரசனுக்கும்தான். எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது.

அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. சுமார் 50 ஆண்டு கழித்து வந்த மார்க்கோ போலோ, மலையாளக் கரையின் ஏழிமலைப் பக்கம் வேறு துறைக்குப் புறப்பட்ட கப்பல் தப்பி வந்தால், கடவுளே அனுப்பினார் என்று சொல்லிச் சரக்கை அள்ளிக்கொள்வார்கள் என எழுதியிருக்கிறார்.

நம் மாணவனைக் காத்தது 1982ஆம் வருட ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் கடல். வணிகக் கப்பல் அமைதியாக, நிற்காமல் கடந்து போகலாம். புயல், ஆபத்து என்றால் நின்று நங்கூரம் போடலாம்.

இன்னொன்று. மோட்டுப்பள்ளிக்குச் சாசனத்தில் வரும் மறுபெயர் தேசியுய்யக்கொண்ட பட்டணம். "உய்யக்கொண்ட" நம் சொல்தான்!

சீராலா, ஓங்கோல் பக்கம் வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது போனால் அந்தக் கல்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.