புகைமூட்டப் பருவமும் வகுப்பறைத் தும்மலும்



பருவகால ஒவ்வாமை பற்றிய நூல்கள் பெரும்பாலும் மகரந்தத்தைப் பற்றியே பேசுகின்றன. தம்மையே வாட்டிய கோடைக்காலத் தும்மலையும் கண்ணெரிச்சலையும் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1819இல் பதிவு செய்தார். ‘அலர்ஜி’ என்னும் சொல் 1906இல் பிறந்தது. நமக்கோ வசந்தமும் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. வகுப்பறைத் தூசி ஆண்டு முழுவதும் நம்மோடு இருக்கிறது. பருவம் பார்த்து வருவது புகைமூட்டம்தான். புகை ஒவ்வாமையை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே மூக்கொழுகலும் இளைப்பும் உள்ளவர்களின் மூச்சுக்குழாயை உறுத்தி நோயைத் தூண்டுகிறது.

சுமத்திராவிலும் கலிமந்தானிலும் வறண்ட கரிச்சதுப்பு நிலங்கள் எரியும்போது, தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையை நம் பக்கம் தள்ளுகிறது. இந்நிலத்தில் பற்றிய தீ மண்ணுக்கடியிலும் கனன்றுகொண்டிருக்கும்; எளிதில் அணையாது. எல் நினோ வறட்சி நிலவிய 1997இல் சரவாக்கில் செப்டம்பர் 19ஆம் நாள் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 100க்கு மேல் போனாலே உடல்நலத்திற்குக் கேடு என்பதை நினைவிற்கொண்டால் அதன் கொடுமை விளங்கும்.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சுற்றுலாத்துறை பாதிக்கப்படும் என்று அஞ்சி, 1999 முதல் அரசு அக்குறியீட்டை வெளியிடுவதை நிறுத்தியது. எண் தெரியாத ஆசிரியர் எதை வைத்து முடிவெடுப்பார்? திடலின் மறுகோடியில் கோல் கம்பம் தெரிகிறதா என்று பார்ப்பார்; தெரிந்தால் உடற்கல்வி நடக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது என்பதால், அந்த அளவுகோல் நம்பத்தக்கதன்று.

2005 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கே மூச்சுத் திணறியபோதுதான் எண்கள் மீண்டும் வெளிவந்தன. ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பூச்சோங்கிலிருந்து கிள்ளான் எவ்வளவு தூரம்? 2013இல் மூவாரும் லேடாங்கும் அவசரநிலையைக் கண்டன. 2015இலும் 2019இலும் பள்ளிகள் மூடப்பட்டன. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002இலேயே கையெழுத்தானது. ஆயினும் இந்தோனேசியா 2014இல்தான் அதற்கு ஒப்புதல் அளித்தது.

குறியீட்டை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். 2018 முதல் நுண்துகள் அளவும் அதில் சேர்ந்துள்ளது. 2019இல் 100ஐத் தாண்டினால் திடல் நடவடிக்கை நிறுத்தம், 200ஐத் தாண்டினால் பள்ளி மூடல் என்பதே நடைமுறையாக இருந்தது. என் பட்டறிவில் கடினமானவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாள்கள். பள்ளி நடக்கும்; பிள்ளைகள் தும்முவார்கள்; சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. முகக்கவசத்தோடு நாற்பது பேருக்குக் கேட்கும்படி வாசித்துக் காட்டினால், ஆசிரியரின் தொண்டை மதியத்திற்குள் கட்டிவிடும். பெரியவர்களுக்கான என்95 கவசம் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முகத்தில் சரியாகப் பொருந்துவதுமில்லை.

ஆகவே பெற்றோரே, இளைப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலரைப் புத்தகப் பையில் வைத்து அனுப்புங்கள். அது எந்த அறையில் இருக்கிறது, எப்போது தேவைப்படும் என்பதை வகுப்பாசிரியரிடம் சூன் மாதத்திற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.