இசைப் பட்டியலும் ஜனசக்தியும்: பிரிட்டனின் கிறிஸ்துமஸ் முதலிடம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1952 நவம்பரில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் பிறந்தபோது, அதற்குப் பின்னால் பெரிய ஸ்தாபனம் எதுவும் இருக்கவில்லை. ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ என்ற வாரப் பத்திரிகையைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ், சுமார் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் போயிற்று என்று விசாரித்துக் குறித்துக்கொண்டதே அதன் ஆரம்பம். நாளடைவில் அப்பட்டியல் தேசத்தின் ரசனைக்கு அளவுகோலாக மதிக்கப்பட்டது. அதிலும் கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம் பெறுவது, 1973-இல் ஸ்லேட் குழுவினரும் விஸர்ட் குழுவினரும் பண்டிகைப் பாடல்களோடு போட்டியிட்ட காலந்தொட்டு, ஒரு விசேஷ கௌரவமாகவே கருதப்பட்டு வந்தது.

இந்தக் கௌரவம் 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ‘எக்ஸ் ஃபாக்டர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவருக்கே போய்ச் சேர்ந்தது. டிசம்பரில் போட்டி முடிந்தவுடன் வெற்றியாளரின் பாடல் வெளியாகும்; வாரக்கணக்காக அவரைத் திரையில் கண்டு பழகிய லட்சக்கணக்கான ஜனங்கள் அதை வாங்குவார்கள். சட்டவிரோதமான காரியம் இதில் ஒன்றுமில்லை. ஆயினும், பண்டிகைக்குரிய பாடல் எதுவென்ற நிர்ணயம் ஜனங்களின் கையை விட்டு ஒரு நிகழ்ச்சியின் கால அட்டவணைக்குள் அடங்கிவிட்டதே என்ற மனக்குறை பலரிடம் வேரூன்றியது நியாயமானதே என்று நான் கருதுகிறேன்.

அந்த மனக்குறை ஓர் இயக்கமாக வளர்ந்ததற்கு ஃபேஸ்புக்கே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். கூட்டம் சேர்வதற்கு முகநூல் இடம் கொடுத்தது. ஆனால் அந்தக் கூட்டத்தின் விருப்பம் எண்ணிக்கையில் ஏறுவதற்கு வழி திறந்தது, 2007 ஜனவரியில் பட்டியலின் விதியில் செய்யப்பட்ட மாற்றமேயாகும். அதற்கு முன், கடையில் வட்டாக விற்கப்படாத பாடலின் பதிவிறக்கம் கணக்கில் சேராது. புதிய விதிப்படியோ, எந்தக் காலத்துப் பாடலாயினும் இணையத்தில் காசு கொடுத்து வாங்கப்பட்டால் பட்டியலில் இடம் பெறலாம். விதி அமலுக்கு வந்த மாதத்திலேயே பிபிசி ரேடியோ 1-இன் கிறிஸ் மொயில்ஸ் தம் நேயர்களைத் தூண்டி அதைப் பரீட்சித்துப் பார்த்தார். பில்லி பைப்பர் 1999-இல் வெளியிட்ட ஒரு பழைய பாடல் 17-ஆம் இடத்துக்கு ஏறிற்று. 2008 கிறிஸ்துமஸில் அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடிய ‘ஹலலூயா’ முதலிடம் பெற்றபோது, அதே பாடலை ஜெஃப் பக்லி பாடிய பழைய பதிவை ரசிகர்கள் திரண்டு வாங்கி இரண்டாமிடத்தில் நிறுத்தினார்கள்.

2009-இல் எஸ்ஸெக்ஸைச் சேர்ந்த ஜான் மோர்ட்டர், டிரேசி மோர்ட்டர் தம்பதி, அமெரிக்க ராக் குழுவான ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’ 1992-இல் வெளியிட்ட ‘கில்லிங் இன் த நேம்’ என்ற ஆவேசமான பாடலை அந்த ஒரு வாரத்தில் வாங்குமாறு முகநூல் வழியே வேண்டினார்கள். டிசம்பர் 17 காலை அக்குழுவினர் பிபிசி ரேடியோ 5 லைவில் அதை நேரடியாகப் பாடியபோது, பாட்டின் முடிவிலுள்ள வசைமொழியைத் தவிர்க்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தும், சிறிது நேரம் அடங்கியிருந்துவிட்டுப் பின் அதையே முழக்கினார்கள். ஒலிபரப்பு பாதியில் துண்டிக்கப்பட்டது. 20-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட முடிவில் அப்பாடல் 5,02,672 பிரதிகளும், ‘எக்ஸ் ஃபாக்டர்’ வெற்றியாளர் ஜோ மெக்கெல்டெரியின் ‘த கிளைம்ப்’ 4,50,838 பிரதிகளும் விற்றிருந்தன. பதிவிறக்கத்தால் மட்டுமே கிறிஸ்துமஸ் முதலிடம் பெற்ற முதற் பாடல் அதுவே. 2007-க்கு முந்தைய விதி நீடித்திருந்தால் இந்த ஐந்து லட்சமும் கணக்கில் ஏறியிராது.

இரண்டு பாடல்களும் சோனி நிறுவனத்துக்கே சொந்தமானவை என்பதைச் சுட்டி, இயக்கத்தாரின் வெற்றி போலியானது என்று வாதிட்டவர்கள் உண்டு. லாபம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் முதலிடத்தை யார் நிர்ணயித்தார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது. மேலும், பாடலை வாங்கியவர்கள் வீடற்றோருக்கு உதவும் ‘ஷெல்டர்’ என்ற தர்ம ஸ்தாபனத்துக்கும் நன்கொடை அளிக்கத் தூண்டப்பட்டு, 70,000 பவுனுக்கு மேல் திரண்டது. 2010 ஜூன் 6 அன்று, வாக்களித்தபடியே, அக்குழு லண்டன் ஃபின்ஸ்பரி பூங்காவில் கட்டணமின்றிக் கச்சேரி நடத்தியது.

இதைப் பின்பற்றி எழுந்த முயற்சிகள் பல. பெரும்பாலானவை சிறு பலனோடு நின்றன. 2010-இல் ஜான் கேஜின் மௌனப் படைப்பு 21-ஆம் இடத்தையே எட்டியது. 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் மறைந்தபோது, ‘த விஸர்ட் ஆஃப் ஆஸ்’ படத்திலுள்ள சூனியக்காரி இறந்ததைக் கொண்டாடும் பாட்டு அவருடைய எதிர்ப்பாளர்களால் இரண்டாமிடத்துக்கு ஏற்றப்பட்டது; ரேடியோ 1 அதை முழுமையாக ஒலிபரப்பாமல், செய்தி விளக்கத்தினிடையே சில விநாடிகள் மட்டும் கேட்கச் செய்தது. துக்க வேளையில் அத்தகைய கேலி எனக்கு உவப்பானதன்று. எனினும், ஜனங்கள் வாங்கியதை உள்ளபடி ஒலிக்கச் செய்வதே பட்டியல் நிகழ்ச்சியின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

2014 ஜூலையில் இணைய வழிக் கேட்பும் கணக்கில் சேர்க்கப்பட்டு, நூறு முறை கேட்பது ஒரு விற்பனைக்குச் சமம் என்று வகுக்கப்பட்டபோது, இத்தகைய இயக்கங்களுக்கு முடிவு நெருங்கியதாகத் தோன்றியிருக்கலாம். நடந்ததோ வேறு. காசு கொடுத்து வாங்கும் ஒரு செயலுக்கு நூறு கேட்புகளின் எடை கிடைத்ததால், ஒரே வாரத்தில் கூடி வாங்கும் கூட்டத்தின் பலம் குன்றவில்லை. 2015-இல் லூயிஷம், கிரீனிச் பகுதி அரசு மருத்துவ ஊழியர்களின் பாடகர் குழு இவ்வழியிலேயே ஜஸ்டின் பீபரை முந்தியது. பீபரே தம் ரசிகர்களை அக்குழுவின் பாடலை வாங்கும்படி வேண்டினார். பின்னர், இணையக் காணொளிகளால் பிரபலமான ‘லேட்பேபி’ தம்பதி, உணவு வங்கிகளை நடத்தும் டிரஸ்ஸல் டிரஸ்டுக்காக, 2018 முதல் 2022 வரை ஐந்து கிறிஸ்துமஸ்களிலும் முதலிடம் பெற்று, பீட்டில்ஸ் குழுவினர் நான்கு முறை பெற்றிருந்த சாதனையைக் கடந்தனர்.