கல் அறுக்கும் ரம்பத்தின் கதை

நடைபாதைக்குக் கல் பாவும் வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முழுக் கற்களை வரிசையாக அடுக்குவது எளிது. ஓரத்துக்கு வந்ததும்தான் சிக்கல். அங்கே அரைக்கல் தேவைப்படும். வளைவில் சாய்வாக நறுக்கிய கல் தேவைப்படும். அப்போது ஒருவர் வட்ட ரம்பத்தைக் கையில் எடுக்கிறார். காதைத் துளைக்கும் ஓசையுடன் ஓரிரு நிமிடத்தில் கல் இரண்டாகிறது. கூடவே வெண்புகை போல் தூசி கிளம்பி, அறுப்பவரையே மறைத்துவிடுகிறது.

மெல்லிய தகடு ஒன்று கல்லை அறுப்பது எவ்வாறு? இந்த ஆற்றல் மனிதனுக்கு எப்போது கிட்டியது? இவ்வேலைக்கு நம்பத்தகுந்த ரம்பம் எது? மூன்று கேள்விகளுக்கும் வரலாறு விடை தருகிறது.

அறுப்பது மணலே

எகிப்தில் கீசாவிலுள்ள பெரிய பிரமிடின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருந்தது. அதன் தளத்தில் கரிய பசால்ட் கற்கள் பாவப்பட்டிருந்தன. ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கற்களில் ரம்பம் ஓடிய தடங்களை இன்றும் காணலாம். ஆக, கல் அறுத்ததற்கான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தளம் பாவிய வேலையிலேயே கிடைக்கிறது.

அக்காலத்தில் எகிப்தியரிடம் இரும்பு ரம்பம் இல்லை, செம்புதான் இருந்தது. 1812-இல் ஜெர்மானியக் கனிமவியலார் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் செம்பின் எண் சுமார் 3. மணலிலுள்ள குவார்ட்சின் எண் 7. செம்புத் தகட்டின் கீழே மணலைத் தூவி முன்னும் பின்னும் இழுத்தால், மணல் துகள்கள் கல்லைத் தேய்த்து வழி உண்டாக்கும். தகடு மணலைத் தள்ளும் கை, மணலே பல்.

இவ்வுண்மையை முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி தெளிவாக எழுதி வைத்தார். சலவைக்கல்லை அறுப்பது இரும்பு போல் தோன்றினாலும், உண்மையில் அறுப்பது மணலே என்றார் அவர். எத்தியோப்பிய மணல் சிறந்தது, அதற்கு அடுத்தது இந்திய மணல் என்று தரமும் பிரித்தார். பருமணலைப் பயன்படுத்தினால் வெட்டு அகன்று கல் வீணாகும், முகம் சொரசொரப்பாகும் என்றும் எச்சரித்தார்.

தசையின் இடத்தில் நீர்ச் சக்கரம்

இன்றைய துருக்கியிலுள்ள ஹியராபொலிஸ் நகரில் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் ஒரு நீர்ச் சக்கரம் இரண்டு ரம்பங்களை இயக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சுழலும் இயக்கத்தை முன்பின் இயக்கமாக மாற்றும் பொறிக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இது. எனினும் அறுக்கும் முறை மாறவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்தும் ஐரோப்பியக் கல்தச்சர்கள் ரம்பத்தின் மேலே ஒரு பீப்பாயை வைத்து, அதிலிருந்து சொட்டும் தண்ணீர் மணலை வெட்டுக்குள் கொண்டு செல்லுமாறு செய்தனர். அத்தண்ணீர் இன்னொரு நன்மையும் செய்தது: தூசியைச் சேறாக்கிக் கீழேயே நிறுத்தியது.

மணலை வட்டில் ஒட்டிய கதை

வேகமாகச் சுழலும் வட்டின் அடியில் மணலைத் தூவினால் என்னாகும்? சிதறிப் பறந்துவிடும். எனவே, துகள்களை வட்டிலேயே பதித்தாக வேண்டும். மணலைவிடக் கடினமான துகள்களும் வேண்டும்.

1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கற்கரித் தூளையும் கலந்து, அதனூடே மின்சாரம் செலுத்திச் சூடேற்றினார். பளபளக்கும் சிறு படிகங்கள் தோன்றின. அதுவே சிலிக்கன் கார்பைடு. மோஸ் அளவில் 9-க்கும் மேல். 'கார்போரண்டம்' என்ற பெயரில் அது சாணைக்கற்களிலும், பின்னர் பிசினால் பிணைத்த வெட்டு வட்டுகளிலும் இடம்பெற்றது.

அடுத்தது வைரம். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரம் உண்டாக்கினார். அது தொழிற்சாலைப் பண்டமானதும் வைர வட்டுகள் பரவின. எஃகு வட்டின் விளிம்பில், உலோகத் தூளும் வைரத் துகளும் கலந்து சுட்ட சிறு கட்டிகள் பொருத்தப்படுகின்றன. உலோகம் சிறிது சிறிதாகத் தேயத் தேயப் புதிய வைரமுனைகள் வெளிப்படும்.

இதற்கிடையே, மரம் அறுக்கும் பெட்ரோல் சங்கிலி ரம்பங்கள் 1920-களின் இறுதியில் ஜெர்மனியில் தோன்றின. அத்தகைய சிறிய இரு வீச்சு எஞ்சினுடன் பின்னாளில் வட்டு இணைந்தது. சுமார் 10 கிலோ எடையுள்ள ரம்பம் ஒருவர் கைக்கு வந்தது.

வேகம் கொண்டுவந்த நோய்

350 மி.மீ. விட்டமுள்ள வட்டு நிமிடத்திற்கு 5000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 330 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் அரைபடும் கல் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகிறது. மணலும் கருங்கல்லும் கான்கிரீட்டும் குவார்ட்ஸ் நிறைந்தவை. அவற்றின் நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடும். அவற்றை விழுங்கிய காவல் செல்கள் மடிகின்றன. அங்கே தழும்பு உண்டாகிறது. தழும்பு பெருகப் பெருக மூச்சு குறைகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதனை நீக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றும்.

கல்தச்சர்களை வாட்டிய மூச்சு நோயை இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். உளிக்கே இந்நிலை என்றால், நீரின்றிச் சுழலும் ரம்பத்திற்கு என்ன சொல்வது? நம் நாட்டிலேயே சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதி சிலேட்டுக் குச்சிக்குப் பேர்போனது. அங்கே விசை ரம்பத்தால் கல்லை உலர்வாக அறுத்த தொழிலாளரிடையே சிலிக்கோசிஸ் பெருமளவில் பரவியிருந்ததை, 1980-களில் ஆமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். குழந்தைகள் எழுதப் பழகிய குச்சிக்குப் பின்னால் இளைஞர்களின் மூச்சு இருந்தது.

2016-இல் அமெரிக்கா ஒரு விதி வகுத்தது. எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்காத் தூசி இருக்கலாகாது. இதற்குக் கைரம்பங்களுக்கு அவ்விதி காட்டும் வழி என்ன தெரியுமா? வட்டின் மேல் இடைவிடாது தண்ணீர் பாய்ச்சுவது! பழைய பீப்பாய் திரும்பி வந்துவிட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இனி, மூன்றாம் கேள்விக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாய். அது ரம்பத்தின் உறையுடன் பொருந்தி, வட்டின் இரு பக்கமும் நனைக்க வேண்டும். நிமிடத்திற்கு அரை லிட்டர் தண்ணீரே தூசியின் பெரும்பகுதியை அடக்கப் போதுமானது. எனினும் தகுந்த சுவாசக் கவசம் வேண்டும். முகத்தில் கட்டிய துணி நுண்தூசியைத் தடுக்காது.

இரண்டாவது, கல்லுக்கேற்ற வட்டு. கடினமான கருங்கல்லுக்கு மென்மையான பிணைப்புள்ள வைர வட்டு வேண்டும். இல்லையேல் உலோகம் தேயாது, மழுங்கிய வைரம் வழுக்கிக்கொண்டிருக்கும். மணல் மிகுந்து அரிக்கும் புதிய கான்கிரீட்டுக்குக் கடினமான பிணைப்பு ஏற்றது. விதி தலைகீழாகத் தோன்றினாலும் காரணம் தெளிவுதானே!

மூன்றாவது, வட்டில் அச்சிட்டுள்ள வேக எல்லை எஞ்சினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பிசின் வட்டானால் காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும். வட்டின் முன்பக்க மேற்கால் பகுதி கல்லில் பட்டால் இயந்திரம் அறுப்பவரை நோக்கியே துள்ளும். ஆகவே உறுதியான உறை இன்றியமையாதது.

அறுக்காமலே முடிக்க வழியுண்டா என்றும் எண்ணிப் பார்க்கலாம். சிறிய கான்கிரீட் கற்களை நெம்புகோல் பொறியால் அழுத்திப் பிளக்கலாம். தூசி மிகக் குறைவு. கல்லின் அளவறிந்து தளத்தைத் திட்டமிட்டால் வெட்டுகளே குறையும்.

எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து ரம்பம் வாங்குவது அரைக் கணக்கு. அறுபட்ட கல் பல்லாண்டு நிலைக்கும். அதை அறுத்தவரின் மூச்சும் நிலைக்க வேண்டும். இரண்டையும் காப்பதே நம்பத்தகுந்த ரம்பம்.